மீன்களுக்கும் ஒரு கிரகப்பிரவேசம்

வீடு மாறுவது என்று முடிவானதும் நாம் முதலில் எடுப்பது பஞ்சாங்கத்தைத்தான். ஆடியும் மார்கழியும் ஆகாது, கரிநாள் ஆகாது, குடும்பத் தலைவருக்குச் சந்திராஷ்டமம் ஆகாது என்று ஒவ்வொன்றாக விலக்கி ஒரு நாளைத் தேர்ந்த பிறகே லாரிக்காரருக்குச் சொல்லி அனுப்புகிறோம். புது வீட்டுக்குள் எது முதலில் போக வேண்டும் என்பதிலும் நமக்கு ஐயமில்லை. சுவாமி படம், குத்துவிளக்கு, நிறைகுடம், மஞ்சள், கல் உப்பு, அரிசி. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தச் சடங்குக்குப் ‘பால் காய்ச்சு’ என்றே பெயர். இத்தனை ஒழுங்கோடு கிளம்புகிற குடும்பம், கூடத்தின் மூலையில் விளக்கெரிந்துகொண்டிருக்கும் மீன்தொட்டியைப் பற்றி நினைப்பதோ, பெரும்பாலும் கிளம்புவதற்கு முந்தைய இரவில்தான்.

கருங்கல் சுற்றுவட்டாரத்தில் ஆண்டுதோறும் புதிய வீடுகள் எழும்பியபடி இருக்கின்றன. பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். வீட்டைக் கட்டி முடிப்பதும், நாள் பார்த்துக் குடியேறுவதும் ஊரில் இருக்கும் பெரியவர்களின் பொறுப்பு. பேரக்குழந்தை ஆசைப்பட்டு வாங்கிய மீன்தொட்டியும் நாளடைவில் தாத்தா பாட்டியின் பொறுப்பாகிவிடுகிறது. காலையில் விளக்கேற்றிய கையோடு மீன்களுக்கு இரை இட்டுவிட்டுத்தான் காப்பி குடிக்கும் பாட்டிமார் பலரை நான் அறிவேன். இக்கட்டுரை அவர்களை எண்ணி எழுதப்படுகிறது. வங்கிப் பணியில் இருந்தவரை இடமாற்ற உத்தரவுகளின்படி ஊர் ஊராகப் பெட்டி கட்டியவன் நான். ஓய்வு பெற்ற பின், நாகர்கோவிலில் குடியிருந்த வாடகை வீட்டிலிருந்து கருங்கல் அருகே மகன் கட்டிய வீட்டுக்கு வந்தபோது, மூன்றடித் தொட்டி ஒன்றும் பதினொரு மீன்களும் எங்களோடு வந்தன. பதினொன்றும் நலமாக இருக்கின்றன.

மீனை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு மாற்றிய வரலாறு ஒன்று நம் புராணத்திலேயே இருக்கிறது. ஸ்ரீமத் பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தில் வரும் மச்சாவதாரக் கதை அது. திராவிட தேசத்து மன்னன் சத்யவிரதன் கிருதமாலா நதியில் நீர்க்கடன் செலுத்திக்கொண்டிருந்தபோது, அள்ளிய கைநீரில் ஒரு சிறு மீன் வந்து சேர்ந்தது. கிருதமாலா என்பது நம் வைகையே என்று சொல்வது மரபு. மன்னன் அதை ஆற்றிலேயே விடப் போனான். பெரிய மீன்களுக்கு இரையாகிவிடுவேன், என்னை இங்கே விட்டுவிடாதே என்று அது மன்றாடியது. கமண்டலத்தில் இட்டுக்கொண்டு இருப்பிடம் சேர்ந்தான். ஒரே இரவில் கமண்டலம் போதாமல் போயிற்று. பெரிய நீர்ப்பாண்டத்தில் விட்டான், அதுவும் போதவில்லை. ஏரிக்கு மாற்றினான், ஏரியும் போதவில்லை. முடிவில் கடலில் விடப் போனபோது, மகரங்கள் என்னை விழுங்கிவிடுமே என்றது மீன். அப்போதுதான் வந்திருப்பவர் யார் என்பது மன்னனுக்கு விளங்கியது. கதை கேட்கும் நாம் பிரளயத்தையும் ஓடத்தையும் நினைவில் வைத்துக்கொள்கிறோம். தன்னை நம்பி வந்த சிற்றுயிருக்கு இந்த நீர் போதுமா, இந்த இடம் தகுமா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துப் பாத்திரம் மாற்றினானே அந்த மன்னன், அந்தப் பகுதியைச் சற்று வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

அழுக்கையும் எடுத்துச் செல்லுங்கள்

வீடு மாறும்போது மீன்கள் வழியில் சாவதைவிட, புது வீட்டுக்கு வந்து மூன்றாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் சாவதே மிகுதி. வழியில் வண்டி குலுங்கியதாலோ, கண் பட்டதாலோ என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். காரணம் வேறு.

மீன் தன் செவுள்களின் வழியே அம்மோனியாவை வெளிவிடுகிறது. தின்னாமல் விட்ட இரையும் கழிவும் அழுகி மேலும் அம்மோனியா சேர்கிறது. அது மீனுக்கு நஞ்சு. பல மாதங்களாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் அந்த நஞ்சு ஏன் தெரிவதில்லை என்றால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை அன்றாடம் அகற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சுதான். மற்றொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அது அவ்வளவு கேடு செய்யாது, வாராவாரம் நாம் கொஞ்சம் நீர் மாற்றும்போது வெளியே போய்விடும். வயல் மண்ணை வளமாக்குவதும் இதே உயிர்கள்தாம். ரஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890-ஆம் ஆண்டையொட்டி இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

இந்த நுண்ணுயிர்கள் நீரில் அதிகம் மிதப்பதில்லை. ஃபில்டரில் இருக்கும் ஸ்பாஞ்சிலும், அடியில் கிடக்கும் கூழாங்கற்களிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. தொட்டால் வழுவழுப்பாக, பழுப்பு நிறத்தில், பார்க்க அருவருப்பாக இருக்கிறதே, அந்தப் படலத்தில்தான் அவற்றின் குடியிருப்பு. இங்கேதான் நம் பழக்கம் குறுக்கே வருகிறது. புது வீட்டுக்குப் பழைய அழுக்கைக் கொண்டு போகலாகாது என்பது நம் தாய்மார் கற்றுத் தந்த பாடம். துடைப்பத்தைக்கூடப் புதிதாக வாங்குகிறோம். அந்த மனநிலையில் தொட்டியையும் தேய்த்து, கற்களைப் பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டு, ஸ்பாஞ்சைச் சோப்பு நீரில் பிழிந்து காயவைத்து, பளபளவென்று கொண்டுபோய் வைக்கிறோம். குடியேறியவுடன் தொட்டி கோயில் வெள்ளிக்குடம்போல மின்னுகிறது. உள்ளே துப்புரவு செய்ய ஒருவரும் இல்லை. புதிதாக அந்தக் கூட்டம் வளர்ந்து நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை மீன்கள் தாம் விட்ட நஞ்சையே சுவாசிக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இப்படித்தான் நடந்தது. ஐந்து ஆண்டுகள் வளர்த்த பொன்மீன்கள் நான்கு. பால் காய்ச்சு முடிந்த ஐந்தாம் நாள் ஒன்று மேலே மிதந்தது; எட்டாம் நாளைக்குள் நான்கும் போயின. வீட்டுக்கு வரவிருந்த கண்டத்தை மீன்கள் தாங்கள் வாங்கிக்கொண்டன என்று உறவினர் ஆறுதல் கூறினர். அந்தப் பாட்டியம்மா மட்டும் அந்த ஆறுதலை ஏற்கவில்லை. “நமக்கு வந்ததை அது ஏன் வாங்கணும், வாயில்லா ஜீவன்?” என்றார்.

இந்த நம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. வாஸ்து மீன் என்ற பெயரில் அரவானா போன்ற மீன்களை விலை கூட்டி விற்கிறார்கள். எட்டுப் பொன்மீனும் ஒரு கறுப்பு மீனும் வைத்தால் செல்வம் சேரும் என்பதும், கறுப்பு மீன் செத்தால் வீட்டின் தீமையை அது உறிஞ்சிக்கொண்டது என்பதும் சீன நாட்டு ஃபெங்சுயி வழியாக வந்தவை. நம்புகிறவர் நம்பட்டும். ஆனால் மீன் சாகும்போதெல்லாம் இந்த விளக்கம் கையோடு கிடைத்துவிடுவதால், நீரை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அடுத்த மீனையும் அதே நீரில் விடுகிறோம். அதில்தான் எனக்கு வருத்தம்.

ஆகவே முதல் வேலை இது. வீடு மாறுவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் ஃபில்டரைக் கழுவ வேண்டாம். கிளம்பும் நாளில் ஸ்பாஞ்சை அப்படியே எடுத்து, தொட்டியின் பழைய நீர் உள்ள ஒரு வாளியில் மூழ்க வையுங்கள். வாளியை இறுக மூடிவிடக் கூடாது; நுண்ணுயிர்க்கும் மூச்சு வேண்டும். காற்று மோட்டாரின் குழாயை அதில் விட்டு வைத்தால் இன்னும் நல்லது. வெயிலில் உலரவிட்டால் எல்லாம் வீண். கற்களில் அளவுக்கு மீறிக் கசடு சேர்ந்திருந்தால், எடுத்துவைத்த பழைய தொட்டி நீரிலேயே ஒருமுறை லேசாக அலசி எடுக்கலாம்; குழாய் நீர் படக் கூடாது.

புது வீட்டு நீர்

பழைய நீரில் பாதியையாவது கொண்டு போவது வழக்கம். மீன்களுக்குப் பழகிய நீர் என்பதால் அதற்கு ஒரு பயன் உண்டு. மீதிப் பாதியைப் புது வீட்டில் நிரப்பியாக வேண்டும். புது வீட்டு நீரைப் பற்றிக் கொத்தனார் சொல்லமாட்டார், மீன் கடைக்காரரும் கேட்கமாட்டார்; நாம்தான் கேட்க வேண்டும்.

புதிதாகப் பூசிய சிமென்ட் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும். நீரின் காரத்தன்மை ஏறும். மீன்களுக்கு ஏற்ற பி.எச். அளவு பொதுவாக 6.5 முதல் 8 வரை. புதிய சிமென்ட் தொட்டியில் தேங்கிய நீர் 9-ஐயும் தாண்டும். இதில் இரட்டைக் கேடு இருக்கிறது. அம்மோனியாவில் நஞ்சாகும் பகுதி, பி.எச். 7-இல் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு; 9-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பழைய வீட்டில் தொல்லை தராத அதே அளவு அம்மோனியா, புது வீட்டுத் தொட்டி நீரில் உயிரைக் குடிக்கும். மீன் வளர்ப்போர் புதிய சிமென்ட் தொட்டிகளில் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, பலமுறை நீர் மாற்றிய பிறகே மீன் விடுவார்கள். குடிநீர்த் தொட்டியில் நாம் வாழைத்தண்டு போட முடியாது. எளிய வழி, கிணற்றிலிருந்து நேரே இறைத்த நீரைப் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து வைத்துக்கொள்வது.

நம் பக்கத்தில் கிணறு இல்லாத வீடு குறைவு. செம்மண்ணும் சரளையும் கலந்த நிலத்துக் கிணற்று நீர் பொதுவாகச் சற்று அமிலத்தன்மை உடையது, மென்மையானது. பெரும்பாலான வண்ண மீன்களுக்கு ஒத்துக்கொள்ளும். ஆழ்துளைக் கிணற்று நீரானால், பூமிக்கடியிலிருந்து வரும்போது அதில் உயிர்க்காற்று குறைவாக இருக்கும். ஒரு பகலும் ஓர் இரவும் காற்று மோட்டாரை ஓடவிட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். பஞ்சாயத்துக் குழாய் நீரில் பிளீச்சிங் பவுடர் வாடை வந்தால், அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைக்கலாம். அல்லது மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தைச் சேர்க்கலாம். பி.எச். பார்க்கும் சிறு குப்பியும், அம்மோனியா பார்க்கும் குப்பியும் அதே கடையில் கிடைக்கும். இரத்தச் சர்க்கரை பார்க்கத் தெரிந்த நமக்கு இது ஒரு வேலையே அல்ல. நிறம் மாறுவதைப் பார்த்து அட்டையோடு ஒப்பிட வேண்டியதுதான். இரு வீட்டு நீரையும் ஒரு வாரம் முன்னதாகவே பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோமப் புகை

கணபதி ஹோமம் கூடத்தில் நடக்கும். அதே கூடத்தில் மீன்தொட்டியும் இருக்கும். காற்று மோட்டார் என்ன செய்கிறது? அறையில் இருக்கும் காற்றை இழுத்து நீருக்குள் குமிழ் குமிழாகத் தள்ளுகிறது. அறையில் புகை நிறைந்திருந்தால் புகையைத்தான் தள்ளும். சமித்தும் நெய்யும் எரியும் புகையும், சாம்பிராணிப் புகையும் நமக்குப் புனிதமானவை. மீனின் செவுளுக்கு அது தெரியாது. புதுச் சுவரின் பெயின்ட் வாடையும், கதவுகளின் வார்னிஷ் வாடையும், இரவில் வைக்கும் கொசுவர்த்திச் சுருளும் இதே கணக்கில் சேரும். கொசுவர்த்தியில் இருக்கும் பூச்சி மருந்து மீன்களுக்குக் கடுமையான நஞ்சு.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்தது, பால் காய்ச்சு முடிந்து மூன்றாம் நாள் விடியற்காலையில் மீன்களைக் கொண்டு வந்தது. முகூர்த்த நாளிலேயே எல்லாம் வந்துவிட வேண்டும் என்று என் மனைவிக்கு ஓர் எண்ணம் இருந்தது. உயிருள்ளவை நாள் கடந்து தனியே வரலாமா என்று எங்கள் கோயில் போற்றியிடமே கேட்டோம். “குடியேற்றம் உங்களுக்குத்தான், மீனுக்கு நல்ல நீர் இருக்கும் நாளே நல்ல நாள்” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அதன்பின் வீட்டில் மறுபேச்சில்லை. பழைய வீட்டின் சாவியை ஒரு வாரம் கழித்துக் கொடுப்பதாக வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் இது எளிது. அன்றைக்கே கொண்டு வந்தாக வேண்டும் என்றால், ஹோமம் நடக்கும் இடத்துக்கு எட்டாத அறையில் மீன்களை வாளியில் வைத்து, கதவைச் சாத்தி, சன்னலைத் திறந்து வையுங்கள்.

வங்கிக் கிளை ஒரு கட்டடத்திலிருந்து வேறு கட்டடத்துக்கு மாறும்போது, மேசை நாற்காலிகள் முதலில் போகும். புதிய இடத்தில் காப்பறை தயாரான பின்புதான் பணப்பெட்டி கிளம்பும். மீன்களுக்கும் அந்த வரிசையே சரி.

கிளம்பும் நாள்

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே இரையை நிறுத்திவிட வேண்டும். பட்டினி போடுகிறோமே என்று மனம் கசியும். வளர்ந்த மீன் ஒரு வாரம்கூட இரையின்றி இருக்கும். வயிற்றில் இரையோடு கிளம்பினால்தான் பைக்குள் கழிவு விட்டு நீரைக் கெடுத்துக்கொள்ளும். ஏகாதசி உபவாசம் இருக்கிற வீட்டில் இதை விளக்கத் தேவையில்லை.

முதலில் எல்லா மின்சார இணைப்புகளையும் பிடுங்குங்கள். பிறகு பழைய நீரைச் சோப்புப் படாத வாளிகளில் எடுத்துக்கொண்டு, நீர்மட்டம் தாழ்ந்த பின் மீன்களைப் பிடியுங்கள். நிறைந்த தொட்டியில் வலையோடு துரத்தினால் மீனும் களைக்கும், நாமும் களைப்போம். கண்ணாடி ஒட்டுண்ணி மீன், சக்கர் மீன் என்றெல்லாம் சொல்கிறோமே, அதன் முள் வலையில் சிக்கும், பையையும் குத்திக் கிழிக்கும். அதை மூடியுள்ள வாளியில் தனியே வையுங்கள். ஃபைட்டர் மீனும் தனியே. அது நீருக்கு மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சுவிடும் இனம், ஆகையால் பையில் காற்றுக்கு நிறைய இடம் வேண்டும்.

சென்னை கொளத்தூரிலிருந்து வண்ண மீன்கள் நாட்டின் பல பகுதிகளுக்கும் பைகளில் அடைத்துத்தான் போகின்றன. அவர்களின் முறையை நாமும் பின்பற்றலாம். பையில் மூன்றில் ஒரு பங்கு நீர், இரண்டு பங்கு காற்று. நீர் அதிகம் இருந்தால் மீனுக்கு நல்லது என்று நாம் நினைப்போம். அதற்கு வேண்டியது நீருக்கு மேலே நிற்கும் காற்று. வாயால் ஊதி நிரப்பக் கூடாது. நாம் வெளிவிடும் மூச்சு அதற்கு உதவாது. பையை இரட்டையாகப் போட்டு, அடி மூலைகள் இரண்டையும் ரப்பர் வளையத்தால் கட்டிவிட்டால் சிறு மீன் மூலையில் சிக்கி நசுங்காது. தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து மூடினால் வெயிலும் தாக்காது, இருட்டில் மீனும் அமைதியாக இருக்கும். நாகர்கோவிலிலிருந்து இரணியல், திங்கள்சந்தை வழியாகக் கருங்கல் வருவதற்குச் சாதாரணக் காற்றடைத்த பையே போதும். சென்னைக்கோ பெங்களூருக்கோ ஓர் இரவுப் பயணம் என்றால், மீன் கடையில் கொடுத்து ஆக்சிஜன் நிரப்பி வாங்கிக்கொள்வதே உத்தமம். இடவப்பாதி மழைக்காலமானால் வழியில் மரம் விழுந்து வண்டி நிற்கலாம். பேட்டரியில் ஓடும் சிறு காற்று மோட்டார் ஒன்று கையில் இருக்கட்டும். போய்ச் சேரும் இடத்தில் மின்சாரம் இல்லாவிட்டாலும் அது உதவும்.

தொட்டியை நீரோடு தூக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி நிறைந்தால் ஏறத்தாழ 127 லிட்டர் நீர். கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் 150 கிலோவைத் தாண்டும். பாதி நீர் விட்டுத் தூக்கினாலும், நீர் அலையும்போது சிலிக்கான் பசை பிரிந்துவிடும். அன்றே கசியாது, புது வீட்டில் நள்ளிரவில் கசியும். கற்களையும் எடுத்துவிட்டு வெறுந்தொட்டியாக, இரு இளைஞர்கள் அடியில் கை கொடுத்துத் தூக்கட்டும். நம் வயதுக்காரர்கள் இதில் கை வைக்க வேண்டாம். ஈரத் தரை, வழுக்கும் கண்ணாடி, இடுப்பெலும்பு மூன்றையும் ஒரே இடத்தில் சேர்க்கலாகாது.

புது வீட்டில் தொட்டியை ஈசானிய மூலையில் வைக்க வேண்டும் என்பார்கள். வையுங்கள். ஆனால் அங்கே கிழக்குச் சன்னல் இருந்து காலை வெயில் நேரே விழுமானால், ஒரு மாதத்தில் கண்ணாடி முழுவதும் பாசி படரும். ஒரு திரைச்சீலை போட்டுவிடுங்கள். மூலையைவிட முக்கியம் தளம் மட்டமாக இருப்பது. கொத்தனாரின் ரசமட்டத்தை ஒருமுறை வைத்துப் பாருங்கள். தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மாகோல் தகடு விரிப்பது அவசியம்.

கல், பழைய நீர், பக்குவப்படுத்திய புதிய நீர், ஃபில்டர் என்ற வரிசையில் அமைத்து ஒரு மணி நேரமாவது ஓடவிட்ட பின் மீன் பைகளை மூடியபடியே நீரில் மிதக்க விடுங்கள். இருபது நிமிடத்தில் இரண்டு நீரும் ஒரே வெப்பநிலைக்கு வரும். பையைத் திறந்து, தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். பை நீரைக் கொட்டிவிடலாம். நெடுந்தூரம் வந்த பையானால், திறந்த பின் அதிக நேரம் தாமதிக்கலாகாது. மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து நீர் அமிலமாக இருந்ததால் அடங்கிக் கிடந்த அம்மோனியா, வெளிக்காற்று பட்டதும் நஞ்சாகத் தொடங்கும்.

கோயில் குளத்தில் விடலாமா?

மகன் அடுக்குமாடிக்குப் போகிறான், தொட்டிக்கு இடமில்லை. வெளிநாட்டுக்கே போகிறோம், மீன்களை என்ன செய்வது? இந்தக் கேள்வி வரும்போது பலரின் மனத்தில் தோன்றுவது கோயில் குளம். சுவாமியின் குளத்தில் விட்டால் புண்ணியம், அதுவும் பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். குளத்து மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்தவர்கள் நாம்; சிருங்கேரியில் துங்கை நதி மீன்களை யாரும் பிடிப்பதில்லை என்பதைப் பெருமையாகச் சொல்பவர்கள். அந்த அன்பினால்தான் இந்த எண்ணமும் வருகிறது. ஆனாலும் செய்யக் கூடாது.

கண்ணாடித் தொட்டியில் பிறந்து வளர்ந்த சிறு மீனுக்கு இரை தேடவோ, ஒளிந்துகொள்ளவோ தெரியாது. சத்யவிரதனிடம் அந்த மீன் சொன்னது இவற்றுக்குத்தான் அப்படியே பொருந்தும். பிழைத்துக்கொள்ளும் இனங்களோ குளத்துக்கே கேடு. தென் அமெரிக்காவைச் சேர்ந்த சக்கர் மீன் திருவனந்தபுரம் நகரக் கால்வாயிலேயே பெருகிவிட்டது. அது கரைகளில் வளை குடையும், நம் நாட்டு மீன்களின் உணவையும் முட்டைகளையும் தின்னும். 2018-ஆம் ஆண்டுக் கேரள வெள்ளத்தின்போது வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய அரபைமா என்ற ராட்சத மீன் சாலக்குடி ஆற்றில் பிடிபட்டது. 2023-இல் காஷ்மீரத்துத் தால் ஏரியில் முதலைவாய் கொண்ட அமெரிக்க மீன் அகப்பட்டது. யாரோ ஒருவர் இரக்கப்பட்டு விட்டதாகவும் இருக்கலாம்.

குளத்து மீனைக் கோயிலார் எப்படி மாற்றினார்கள் என்பதற்கு அண்மைக் காலத்திலேயே சான்று இருக்கிறது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் 1979-க்குப் பின் 40 ஆண்டுகள் கழித்து, 2019-இல் அத்திவரதரை வெளியே எழுந்தருளச் செய்ய அனந்தசரஸ் குளத்து நீரை இறைக்க வேண்டியிருந்தது. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் நடந்த வைபவத்தை நம்மில் பலர் வரிசையில் நின்று தரிசித்தோம். அதற்கு முன் நடந்த வேலையைக் கவனித்தவர்கள் குறைவு. குளத்து மீன்களைப் பிடித்து, அதே கோயிலின் பொற்றாமரைக் குளத்தில் சேர்த்தார்கள். ஒரே கோயிலின் ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்கு, அதே நீருக்கும் அதே மண்ணுக்கும் பழகிய உயிர்கள் மாறின. கடையில் வாங்கிய மீனைக் கோயில் குளத்தில் கொட்டுவதற்கு இது முன்னுதாரணம் ஆகாது.

வேண்டாத மீனை மீன் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பணம் கேட்காவிட்டால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். தொட்டி வைத்திருக்கும் பள்ளிக்கோ, மருத்துவமனைக்கோ, அண்டை வீட்டுக்கோ தொட்டியும் ஃபில்டருமாகக் கொடுத்துவிடலாம். இவர்களை வீடு மாறும் வாரத்தில் தேடாமல் ஒரு மாதம் முன்பே தேடுங்கள்.

முதல் ஒரு மாதம்

வந்த அன்று தொட்டி விளக்கு வேண்டாம், இரையும் வேண்டாம். பேரக்குழந்தைகள் கண்ணாடியைத் தட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். மறுநாள் வழக்கத்தில் கால் பங்கு இரை. இரண்டு நிமிடத்தில் தின்னாததை வலையால் எடுத்துவிட வேண்டும். முதல் பத்து நாளும் காலையில் அம்மோனியா குப்பியால் பாருங்கள். நிறம் மாறினால் நீரில் கால் பங்கை எடுத்துவிட்டு, முன்பே பிடித்துவைத்த நீரை விடுங்கள். குப்பி இல்லாதவர்கள் மீனையே பார்க்கலாம். எல்லாம் மேற்பரப்பில் வாயைத் திறந்து நின்றாலோ, செவுள் சிவந்திருந்தாலோ, துடுப்புகளை ஒடுக்கி அடியில் படுத்திருந்தாலோ, அது நீரைப் பற்றிய புகார். மருந்து ஊற்றுவதற்கு முன் நீரை மாற்றுங்கள்.

எங்கள் வீட்டில் நான்காம் நாள் அம்மோனியா சற்றே தலைகாட்டியது. இரண்டு நாள் கால் பங்கு நீர் மாற்றினோம், இரையை ஒரு வேளையாகக் குறைத்தோம். ஏழாம் நாள் குப்பியில் நிறம் பழையபடி வந்தது. பொன்மீன்கள் பதினோராம் நாளிலிருந்து என் மனைவியின் வளையல் சத்தத்துக்கு மேலே வரத் தொடங்கின. புது வீட்டுக்குப் புது மீன் வாங்க வேண்டும் என்று பேத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆறு வாரம் பொறுக்கச் சொன்னோம். வாங்கி வந்த இரண்டு மீன்களையும் இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்து, நோய் இல்லை என்று கண்ட பின்பே மற்றவற்றோடு சேர்த்தோம்.